பத்து மாதம் பொறுத்திருத்தல்

ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் வீதியில் இருந்த எங்கள் பழைய வீடு 2011-இல் கைமாறியபோது, பரணில் கிடந்த தகரப்பெட்டி ஒன்று என் பங்குக்கு வந்து சேர்ந்தது. அப்பாவின் அத்தை வைத்திருந்த பெட்டி. இரண்டு வெள்ளைப் புடவைகள், அட்டை கிழிந்த பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, கோயில் பிரசாதக் குங்குமம் மடித்த காகிதப் பொட்டலங்கள். அடியில் நான்காக மடித்த ஒரு மருத்துவமனைச் சீட்டு. ஆண்டு 1954. பழுப்பேறிய தாளில் ஆங்கிலத்தில் கிறுக்கியிருந்த வரிகளுள் இரண்டு சொற்களை மட்டுமே என்னால் படிக்க முடிந்தது: மெசென்டெரிக் சிஸ்ட்.

இலக்கியம் படித்தவனுக்கு அறியாத சொல்லைக் கண்டால் அகராதியை நோக்கிக் கை போகும். சிறுகுடல் ஏறத்தாழ 6 மீட்டர் நீளம் கொண்டது. அது வயிற்றுக்குள் கட்டின்றிச் சுருண்டு கிடப்பதில்லை. விசிறி மடிப்புப் போன்ற ஒரு சவ்வு அதை முதுகுப்புறச் சுவரோடு பிணைத்து நிறுத்தியிருக்கிறது. குடலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாளங்களும் நிணநீர்க் குழாய்களும் அந்தச் சவ்வின் இரு தாள்களுக்கு இடையில்தான் ஓடுகின்றன. குடல்தாங்கி, நடுமடிப்பு என்றெல்லாம் அதற்குத் தமிழ்ப் பெயர்கள் உண்டு. அந்தத் தாள்களுக்கு நடுவே நீரோ பால்போன்ற நிணமோ தேங்கிப் பை போல் வளர்வதுதான் அத்தைப்பாட்டியின் சீட்டில் எழுதியிருந்த கட்டி. மருத்துவமனையில் சேர்க்கப்படும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்பது மருத்துவ நூல்கள் தரும் கணக்கு. குழந்தைகளிடம் சற்று அதிகம். பெரும்பாலும் புற்று அல்ல, தீங்கற்றது.

தீங்கற்றது என்ற சொல்லை மருத்துவர்கள் ஒரு பொருளில் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் அந்தக் கட்டி செய்த தீங்கை எண்ணிப் பார்க்கும்போது, அந்தச் சொல் போதாது என்று தோன்றுகிறது. இந்தக் கட்டுரை அந்தப் போதாமையைப் பற்றியது.

*

அத்தைப்பாட்டிக்கு 24 வயதில் கணவர் இறந்தார். பிள்ளைகள் இல்லை. அண்ணன் வீட்டுக்கு, அதாவது என் தாத்தாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். 31-ஆம் வயதில் அடிவயிறு மெல்ல மேடிட ஆரம்பித்தது. வலி அதிகம் இல்லை. சாப்பிட்டால் நிறைந்துபோன உணர்வு, சில நாட்களில் வாந்தி. இவ்வளவும் பாட்டி சொல்லி நான் அறிந்தவை.

தெரு முதலில் பார்த்தது வாந்தியை. பிறகு வயிற்றை. விதவையின் வயிறு மேடிட்டால் தெருவுக்கு ஒரே விளக்கந்தான் உண்டு. கிணற்றடியில் பேச்சு நின்றுபோகும். அவர் நகர்ந்ததும் மீண்டும் தொடங்கும். தாத்தா ஒரு மாதம் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லையாம். முதலில் அழைத்துச் சென்ற மருத்துவர் படுக்கச் சொல்லி வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே, "எத்தனை மாசம்?" என்று கேட்டாராம். பக்கத்து வீட்டுக் கிழவி ஒருத்தி பாட்டியிடம் ஆறுதல் போலச் சொன்ன வாக்கியம் எங்கள் வீட்டில் நெடுநாள் வழங்கியது: "பத்து மாசம் போகட்டும், தன்னால தெரிஞ்சுடும்."

பத்து மாதம் போனது. ஒன்றும் பிறக்கவில்லை. பதினோராம் மாதம் ஒரு விடியற்காலையில் வலி தாங்காமல் அலறியவரை ஜட்கா வண்டியில் ஏற்றி, காவிரிப் பாலத்தைக் கடந்து திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். வயிற்றைத் திறந்து கட்டியை எடுத்தார்கள். பிழைத்தார். 1996 வரை, 73 வயது மட்டும் வாழ்ந்தார். தொப்புளுக்கு மேலும் கீழுமாக ஓடிய அந்தத் தழும்பைச் சிறுவயதில் நான் பூரான் என்று நினைத்துப் பயந்திருக்கிறேன். "பூரான் இல்லடா. தெருவுக்குக் காட்ட எனக்கு எழுதிக் குடுத்த சீட்டு" என்பார். அப்போது அது எனக்கு விளங்கவில்லை.

*

"பத்து மாதம் போகட்டும்" என்ற அந்த வாக்கியத்தைப் பல ஆண்டுகள் கழித்து நான் எதிர்பாராத ஓர் இடத்தில் சந்தித்தேன். சரக சம்ஹிதையில்.

வயிற்றில் தோன்றும் கட்டிகளைப் பழைய மருத்துவம் குல்மம் என்றது. வடமொழியில் அச்சொல்லுக்குப் புதர் என்றும் பொருள். வேர் எங்கே, கிளை எங்கே என்று அறிய முடியாதபடி மறைந்து திரண்டிருப்பதால் வந்த பெயர். தமிழில் அது குன்மம் ஆயிற்று. சித்த மருத்துவ மரபு அதை எட்டாகப் பகுத்தது. வடமொழி நூல்கள் ஐந்தாகப் பகுத்தன. அந்த ஐந்தாவது இரத்த குல்மம். பெண்களுக்கு மட்டுமே உரியது. மாதவிலக்கு நிற்கும், வாந்தி வரும், வயிறு வளரும். சூலின் அடையாளங்கள் எல்லாம் இருக்கும், கரு மட்டும் இருக்காது. இதற்குப் பத்து மாதம் கடந்த பிறகே சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது சரகரின் விதி.

விதியின் நியாயம் எளிது. உள்ளே இருப்பது கருவாக இருந்து, கட்டி என்று எண்ணிக் கடும் மருந்து கொடுத்துவிட்டால் ஓர் உயிர் போய்விடும். உள்ளே பார்க்க வழியில்லாத காலத்தில், காலமே ஒரு கருவி. பொறுத்திருந்து அறிவது அறியாமையன்று. அறியாமையை ஒப்புக்கொண்ட அறிவு அது. கிணற்றடிக் கிழவி சரகரைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் வைத்தியர்கள் வழியாக வீடுகளுக்கு இறங்கிய அந்த எச்சரிக்கை, இரக்கம் உதிர்ந்துபோய், வெறும் வேவாக அவள் வாயில் எஞ்சியிருந்தது என்றே எண்ணத் தோன்றுகிறது. நூலில் பெண்ணைக் காக்கச் சொன்ன காலக்கெடு, தெருவில் பெண்ணைக் காவல் காக்கும் காலக்கெடு ஆகிவிட்டது.

வயிற்றைத் திறக்கும் துணிவு நம் மரபில் இல்லாமல் இல்லை. மகோதரம் கண்டவரின் வயிற்றில் தொப்புளுக்குக் கீழே இடப்புறம் துளையிட்டு, குழல் செருகி நீரை வடிக்கும் முறையைச் சுசுருதர் விளக்குகிறார். முழுநீரையும் ஒரே நாளில் வடிக்கக் கூடாது. நாட்களைப் பங்கிட்டு வடிக்க வேண்டும். வடித்தபின் வயிற்றைத் துணியால் இறுகச் சுற்ற வேண்டும் என்கிறார். குடல் அடைபட்டால் வயிற்றைக் கீறி, குடலை வெளியே எடுத்து, அடைப்பை நீக்கித் தைக்கவும், குடலில் ஓட்டை விழுந்தால் அதன் விளிம்புகளைப் பெரிய எறும்புகளைக் கடிக்கவிட்டு இணைத்து, எறும்பின் தலையை மட்டும் விட்டுவைத்து உடலைக் கிள்ளிவிடவும் அவர் வழி சொல்கிறார். ஆயினும் மயக்க மருந்தும் கிருமிகளைப் பற்றிய அறிவும் இல்லாத உலகில் அந்தத் துணிவு அரிதாகவே கைக்கூடியிருக்கும்.

*

எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தொலைவில், அரங்கநாதர் கோயிலுக்குள் தன்வந்திரிக்கு ஒரு சன்னதி இருக்கிறது. வைணவக் கோயில்களில் அரிதான ஒன்று. அரங்கனுக்கு நாவற்பழமும் தயிர்ச்சோறும் படைக்கப்பட்டதால் திருமேனி வாடியது என்றும், இராமானுசர் அதைக் கண்டுபிடித்துக் கருடவாகன பண்டிதரைக் கொண்டு கஷாயம் சமர்ப்பிக்கச் செய்தார் என்றும் ஓர் ஐதிகம் உண்டு. தெய்வத்துக்கே வயிற்றுக் கோளாறு! முகத்தைப் பார்த்தே நோயை அறிந்தார் என்பதுதான் அக்கதையில் எனக்குப் பிடித்த இடம்.

கதைக்கு அப்பால் கல்வெட்டுச் சான்றும் உண்டு. 13-ஆம் நூற்றாண்டில், கண்ணனூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட ஹொய்சள மன்னன் இராமநாதன் காலத்தில் இக்கோயிலில் ஓர் ஆரோக்கியசாலை இருந்தது; கருடவாகன பண்டிதரின் பொறுப்பில் அது விடப்பட்டிருந்தது. இடையில் சிதைந்துபோன அதை அதே மரபில் வந்த கருடவாகன பட்டர் மீண்டும் நிலைநிறுத்தினார் என்பதைச் சக ஆண்டு 1415, அதாவது கி.பி. 1493-ஐச் சேர்ந்த கல்வெட்டு கூறுகிறது. கண்ணனூர் என்பது இன்றைய சமயபுரத்தை அடுத்த ஊர். ஆக, கொள்ளிடத்துக்கு வடக்கே அரண்மனையும் தெற்கே மருத்துவச் சாலையும் இருந்திருக்கின்றன.

இதற்கும் முன்பு, 11-ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்றைப் பற்றிப் பேசுகிறது. ஒரு மருத்துவர், மூலிகை கொணர்வோர், நோயாளிகளைப் பேணும் பெண்கள், நாவிதர் ஆகியோருடன் சல்லியக்கிரியை செய்பவர் ஒருவரும் அதில் இருக்கிறார். சல்லியக்கிரியை என்றால் அறுவை மருத்துவம். அவருக்கு மருத்துவரைவிடக் குறைவான நெல்லே ஊதியமாக விதிக்கப்பட்டிருந்தது. அறுப்பவன் அறிபவனுக்குக் கீழே என்ற அந்த வரிசை நமக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவிலும் அறுவை மருத்துவம் நெடுங்காலம் நாவிதர் சங்கத்தோடு சேர்ந்தே இருந்தது.

காவிரியின் தென்கரையில் மலைக்கோட்டையில் இருப்பவர் தாயுமானவர். வெள்ளத்தால் தாய் வர இயலாதபோது, பேறுகால வலியில் இருந்த இரத்தினாவதிக்குத் தாயாகவே வந்து பிரசவம் பார்த்தவர் என்பது தலபுராணம். கருவுற்ற பெண்களுக்காக இன்றும் அங்கே வாழைத்தார் நேர்ந்துகொள்கிறார்கள். வடகரையில் மருந்தின் கடவுள், தென்கரையில் மகப்பேற்றின் கடவுள். அத்தைப்பாட்டிக்காக எந்தச் சன்னதியில் வேண்டிக்கொள்வது என்று என் பாட்டி தடுமாறினாராம். தாயுமானவரிடம் போனால் தெரு சொல்வதை ஒப்புக்கொண்டதாகிவிடும். கடைசியில் தன்வந்திரி சன்னதிக்கே போனார். தான் நம்பிக்கை கொண்டிருந்தது அத்தையிடந்தான் என்பதைப் பாட்டி அப்படித்தான் சொல்ல முடிந்தது.

*

இது நம் தெருக்களின் நோய் மட்டுமன்று. 1839-இல் இங்கிலாந்து அரண்மனையில், விக்டோரியா அரசியின் தாயாருக்குத் தோழியாக இருந்த பிளோரா ஹேஸ்டிங்ஸ் என்ற மணமாகாத பெண்ணின் வயிறு வீங்கத் தொடங்கியது. அரண்மனை வைத்தியர் ஜேம்ஸ் கிளார்க் கருவுற்றிருப்பதாகச் சந்தேகித்தார். இளம் அரசியும் அதை நம்பினார். தன் மானத்தைக் காத்துக்கொள்ள அந்தப் பெண் அவமானகரமான ஓர் உடற்சோதனைக்கு உடன்பட வேண்டியிருந்தது. கன்னித்தன்மைக்குச் சான்றிதழ் கிடைத்தது. நோய்க்கு மருந்து கிடைக்கவில்லை. அதே ஆண்டு ஜூலை 5-ஆம் நாள் இறந்தார். உடலைத் திறந்து பார்த்தபோது கல்லீரல் பெரிதாக வீங்கியிருந்தது. அடையவளஞ்சான் வீதிக்கும் பக்கிங்ஹாம் அரண்மனைக்கும் இடையில் இந்த விஷயத்தில் தொலைவு அதிகமில்லை.

அதற்கு 30 ஆண்டுகள் முன்பு, அமெரிக்காவின் கென்டக்கியில் ஜேன் டாட் கிராஃபோர்டு என்ற பெண்ணை, காலங்கடந்த இரட்டைக் கரு என்று வைத்தியர்கள் தீர்மானித்திருந்தார்கள். எப்ரைம் மெக்டொவல் என்ற நாட்டுப்புற அறுவை மருத்துவர் கையால் சோதித்துப் பார்த்து, இது கருவன்று, சூலகத்தில் வளர்ந்த கட்டி என்றார். எடுக்க முயலலாம்; இதற்குமுன் யாரும் வெற்றிகரமாக எடுத்ததில்லை; இறந்தும் போகலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். அந்தப் பெண் 60 மைல் குதிரைமேல் பயணம் செய்து டான்வில் என்ற அவருடைய ஊருக்கு வந்தார். 1809 டிசம்பரில், மயக்க மருந்து என்ற ஒன்று உலகில் இல்லாத நாளில், 25 நிமிடங்களில் அந்த அறுவை நடந்தது. எடுத்த கட்டியின் எடை ஏறத்தாழ 10 கிலோ. ஐந்தாம் நாள் மருத்துவர் வந்து பார்த்தபோது அவர் தன் படுக்கையைத் தானே சீர்செய்துகொண்டிருந்தார். மேலும் 32 ஆண்டுகள் வாழ்ந்தார். வயிற்று அறுவை மருத்துவத்தின் வரலாறு இந்த இடத்தில் தொடங்குவதாகவே பலரும் எழுதுகிறார்கள். மெக்டொவலின் துணிவைப் போற்றும் அளவுக்குக் குதிரையேறி வந்தவளின் துணிவைப் போற்றுகிறோமா என்பது எனக்கு ஐயம். 1817-இல் அவர் வெளியிட்ட குறிப்பில் அடுத்துவரும் நோயாளிகள் கறுப்பினப் பெண்கள். அவர்கள் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை.

*

குடல்தாங்கிக் கட்டியின் கதை இதைவிடப் பழையது, ஆனால் மெதுவானது. புளோரன்ஸ் நகரத்து மருத்துவர் பெனிவியெனி இறந்த ஒரு குழந்தையின் உடலைத் திறந்து இத்தகைய கட்டியைக் கண்டு எழுதிவைத்தார். அவர் நூல் அவர் மறைந்தபின் 1507-இல் அச்சாயிற்று. 1842-இல் வியன்னாவின் ரொகிடான்ஸ்கி பால்நிற நிணம் நிறைந்த வகையை விளக்கினார். இவையெல்லாம் இறந்தவர்களிடம் கண்டவை. உயிரோடு இருக்கும் ஒருவரிடமிருந்து அதை வெற்றிகரமாக அகற்றியவர் என்று பாரிஸின் தியோ என்ற அறுவை மருத்துவரைச் சொல்வார்கள். ஆண்டு 1880. அச்சானதற்கும் எடுத்ததற்கும் இடையே 373 ஆண்டுகள்.

அந்த இடைவெளியை நிரப்பியவை இரண்டு. 1846-இல் பாஸ்டனில் ஈதர் மயக்கமும், 1867-இல் லிஸ்டர் வெளியிட்ட கிருமித்தடுப்பு முறையும். வலியை வென்றதும் சீழை வென்றதும் ஆகிய இவ்விரண்டும் இல்லாமல் கைத்திறன் எவ்வளவு இருந்தும் பயனில்லை.

தியோவின் பெயரில் ஓர் அடையாளம் இன்றும் மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. குடல்தாங்கியின் வேர் வயிற்றின் பின்சுவரில் இடப்புறம் மேலிருந்து வலப்புறம் கீழாகச் சாய்வாக, ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது. ஆகவே அதில் வளரும் கட்டி அந்தக் கோட்டுக்குக் குறுக்காகத் தள்ளினால் எளிதாக நகரும். கோட்டின் போக்கிலேயே தள்ளினால் நகராது. படுக்கவைத்து, இரு கைகளால் பத்து நிமிடம் பொறுமையாகத் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் செய்தி. சூலகக் கட்டி இடுப்பிலிருந்து எழுந்து வரும். கருவுற்ற கருப்பை இப்படி நழுவாது. "எத்தனை மாசம்?" என்று கேட்ட அந்த மருத்துவர் தொட்டுப் பார்த்திருந்தால் பத்து மாதம் மிச்சப்பட்டிருக்கும்.

எடுக்கும் முறையும் காலத்தோடு மாறியது. நீரை மட்டும் உறிஞ்சி எடுத்தால் பை மீண்டும் நிறைந்துவிடும். பையை வயிற்றுத் தோலோடு சேர்த்துத் தைத்து வாய்திறந்து விடும் முறை சிலகாலம் வழங்கியது. ஆறாத புண்ணாக நிற்கும் என்பதால் அது கைவிடப்பட்டது. பையை முழுதாக உரித்தெடுப்பதே சரியான சிகிச்சை. ஆனால் பை குடலின் இரத்த நாளங்களோடு ஒட்டியிருந்தால் அந்த அளவு குடலையும் வெட்டி எடுத்து, இருமுனைகளையும் இணைக்க வேண்டியிருக்கும். எடுக்காமல் விட்டால் முறுக்கிக்கொள்ளலாம், உள்ளே இரத்தம் கசியலாம், குடலை அடைக்கலாம். அத்தைப்பாட்டியின் விடியற்கால அலறல் இவற்றுள் ஒன்றாகவே இருந்திருக்க வேண்டும்.

*

தமிழில் இந்த அறிவு எப்போது எழுதப்பட்டது? இந்த இடத்தில் யாழ்ப்பாணத்துக்கு ஒருமுறை போய்வர வேண்டும். 1847-இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், தமிழ் மாணவர்களுக்குத் தமிழிலேயே மேலை மருத்துவத்தைக் கற்பிக்க முனைந்தார். 1857-இல் பிரசவ வைத்தியமும் 1867-இல் இரண வைத்தியமும் அவர் முயற்சியால் தமிழில் அச்சேறின. இரணவைத்தியம் என்றால் அறுவை மருத்துவம். லிஸ்டரின் கட்டுரை வெளிவந்த அதே ஆண்டில் அறுவை மருத்துவத்துக்குத் தமிழில் ஒரு பெரிய பாடநூல் இருந்தது என்பதை நினைத்தால் வியப்பும் கூடவே வருத்தமும் வருகிறது. பின்னர் அந்த மரபு தொடரவில்லை. அத்தைப்பாட்டிக்குத் தன் வயிற்றில் இருந்தது என்னவென்று சொல்லும் தாள், அவர் படிக்க முடியாத மொழியில், அவர் பெட்டியிலேயே 42 ஆண்டுகள் கிடந்தது.

இன்னொரு தடை மொழியைவிடக் கடினமானது. ஆண் மருத்துவர் தொட்டுப் பார்க்க இடங்கொடாத பெண்கள் இருந்தார்கள். இடங்கொடாத குடும்பங்களும் இருந்தன. சென்னையில் வழக்கறிஞர் ஒருவரின் மனைவியாக வாழவந்த மேரி ஷார்லீப், சிகிச்சையின்றி மடியும் பெண்களைக் கண்டு மருத்துவம் படிக்க முடிவெடுத்தார். 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரி அவரோடு வேறு மூன்று பெண்களையும் சேர்த்துக்கொண்டது. பின்னர் லண்டன் சென்று பட்டம் பெற்றுத் திரும்பியவர், 1885-இல் சென்னையில் சாதிப் பெண்களுக்கும் கோஷா பெண்களுக்குமான மருத்துவமனை ஒன்றைத் தோற்றுவித்தார். திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி என்று சென்னைவாசிகள் சொல்லும் அதுதான் இன்றைய கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. பிற்காலத்தில் லண்டனில் பெண்களின் வயிற்று அறுவைகளில் பெயர்பெற்றவர் ஷார்லீப். திருச்சிக்கு அண்மையிலுள்ள புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1912-இல் அதே கல்லூரியில் பட்டம் பெற்று வெளிவந்தார். ஒரு பெண்ணின் வயிற்றைச் சந்தேகமின்றித் தொடுவதற்கு ஒரு கை வேண்டும். அந்தக் கையை உருவாக்கவே இவ்வளவு ஆண்டுகள் தேவைப்பட்டன.

*

தொடாமலே உள்ளே பார்க்கும் வழி 1950-களில் வந்தது. கிளாஸ்கோ நகரத்தின் மகப்பேறு மருத்துவப் பேராசிரியர் இயன் டொனால்டு, 1955-இல் தம் நோயாளிகளிடமிருந்து எடுத்த கட்டிகளையும் நீர்ப்பைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். இரும்புப் பற்றவைப்புகளில் விரிசல் இருக்கிறதா என்று செவிக்கெட்டாத ஒலியைச் செலுத்தி அறியும் கருவி அங்கே இருந்தது. சதைக்கட்டி ஒருவகை எதிரொலியைத் தந்தது. நீர்ப்பை வேறுவகையில் தந்தது. திருச்சிக்காரர்களுக்கு இந்தக் கதையில் ஒரு தனிச்சுவை உண்டு. 1960-களில் திருவெறும்பூரில் எழுந்த பாரத மிகுமின் நிறுவனம் செய்வதும் கொதிகலன்களைத்தான். அங்கும் பற்றவைப்புகளை அதே ஒலியால்தான் சோதிக்கிறார்கள். ஒலி, நீருக்குள் தடையின்றிப் போய்விடும். எதிரொலி எழாத இடம் திரையில் கறுப்பாகத் தெரியும்.

டொனால்டு சோதித்த பெண்களுள் ஒருவருக்கு இரைப்பைப் புற்று முற்றிவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று தீர்மானித்திருந்தார்கள். ஒலி வேறொன்று சொன்னது. பெரிய நீர்க்கட்டி. சூலகத்திலிருந்து வளர்ந்த, தீங்கற்ற கட்டி. எடுத்தார்கள்; அந்தப் பெண் பிழைத்தார். 1958 ஜூன் மாதம் லான்செட் இதழில் வெளியான கட்டுரை வயிற்றுக் கட்டிகளை ஒலியால் ஆராய்வதைப் பற்றியது. கருவைப் படம்பிடிக்கும் கருவி என்று நாம் இன்று அறிந்திருக்கும் ஸ்கேன், உண்மையில் கருவையும் கட்டியையும் பிரித்தறியும் கருவியாகவே பிறந்தது. சரகர் பத்து மாதம் கொடுத்துக் கேட்ட கேள்விக்குப் பத்து நிமிடத்தில் விடை வந்துவிட்டது.

அத்தைப்பாட்டியின் அறுவை நடந்தது 1954-இல். நான்காண்டு இடைவெளி. அந்த நான்காண்டு ஸ்ரீரங்கத்துக்கு வந்து சேரப் பின்னும் பல ஆண்டுகள் ஆயின என்பது வேறு.

பெண்ணைச் சந்தேகத்திலிருந்து விடுவிக்க வல்ல இந்தக் கருவி நம் நாட்டில் வேறொரு வேலையையும் செய்தது. கருவிலிருப்பது பெண்ணா என்று பார்த்து அழிக்க அது பயன்பட்டது. 1994-இல் அதற்கு எதிராகச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. கருவி புதிதானாலும் பார்க்கும் கண் பழையதாகவே இருந்தது.

1990-இல் மும்பையில் உத்வாடியா என்ற அறுவை மருத்துவர் சிறுதுளைகள் வழியே பித்தப்பையை அகற்றிக் காட்டியபின், லேப்ராஸ்கோப்பி முறை நாடெங்கும் பரவியது. குடல்தாங்கிக் கட்டியையும் இன்று பெரும்பாலும் அப்படி எடுக்க முடிகிறது. பூரான் தழும்பு இல்லை. மூன்று நான்கு புள்ளிகள் மட்டும்.

*

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பு மாணவி ஒருத்தி மூன்று வாரம் வரவில்லை. வகுப்பில் ஒரு முணுமுணுப்பு ஓடிக்கொண்டிருந்ததை என் காதும் கேட்டது. நான் எதுவும் சொல்லவில்லை. அதை இங்கே எழுதியாக வேண்டும். அத்தைப்பாட்டியின் சீட்டைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கும் நான், ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பி வந்தவள் விடுப்புக் கடிதத்தோடு மருத்துவமனையின் தாள்களையும் ஸ்கேன் படத்தையும் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். நான் கேட்கவில்லை. "இதெல்லாம் வேண்டாம்மா, கடிதம் போதும்" என்றேன். "இல்ல சார், நீங்க பாருங்க. எல்லாரும் பாக்கட்டும்னுதான் கொண்டுவந்தேன்" என்றாள். படத்தில் சாம்பல் நிறத்துக்கு நடுவே ஓட்டமான விளிம்போடு ஒரு கறுப்பு வட்டம். கீழே அதே இரண்டு ஆங்கிலச் சொற்கள். ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் முதலில் கேட்ட கேள்வி கல்யாணமாகிவிட்டதா என்பதாம். அம்மா அங்கேயே அழுதுவிட்டார்களாம். மருத்துவர் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. கடைசி மாதவிலக்குத் தேதியைக் கேட்காமல் வயிற்று நோயை அறிய முடியாது. கேட்கும் தொனிதான் நோயாளியையும் குற்றவாளியையும் வேறுபடுத்துகிறது.

திருச்சி அரசு மருத்துவக் கல்லூரிக்கு ஒரு தமிழறிஞரின் பெயர். முத்தமிழ்க் காவலர் கி.ஆ.பெ. விசுவநாதம். 1997-இல் தொடங்கிய அந்தக் கல்லூரிக்கு இவர் பெயர் சூட்டப்பட்டதைச் சிலர் வேடிக்கையாகப் பேசியதுண்டு. எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது. தமிழ் மருந்துகள் என்று ஒரு நூலே எழுதியவர் அவர். நோயை எளிய மனிதனின் மொழியில் அவனிடமே சொல்ல வேண்டும் என்பது கிரீனுக்கும் அவருக்கும் பொதுவான எண்ணம்.

மாணவியின் தாளில் இருந்த அந்த இரு சொற்களுக்குக் கீழே, அவள் அனுமதியோடு, நான் தமிழில் எழுதிக் கொடுத்தேன்: குடல்தாங்கி நீர்க்கட்டி; தீங்கற்றது; முழுதும் அகற்றப்பட்டது. மறுநாள் வகுப்பில் இரத்த குல்மத்தைப் பற்றியும் சரகரின் பத்து மாதத்தைப் பற்றியும் குதிரையேறி வந்த ஜேன் கிராஃபோர்டைப் பற்றியும் பாடத்துக்கு வெளியே ஒரு மணி நேரம் பேசினேன். யார் பெயரையும் சொல்லவில்லை. பின்வரிசையில் முணுமுணுப்பு நின்றிருந்தது. மூன்று வாரம் தாமதமாகப் பேசினேன். பத்து மாதம் ஆகவில்லை என்பது மட்டுமே எனக்கு இருக்கும் ஆறுதல்.